‘நல்லாயிருக்கு’ என்று சொன்ன ஊர்

குவைத்தில் மாக்கிறட்டைப் பார்த்து மூளை இல்லாதவள் என்று சொன்னது வீட்டுக்கார மேடம்தான் என்றாலும், அதற்குக் காரணம் ஒரு துணி தோய்க்கிற மெஷின். அந்த மெஷினில் எழுத்தென்று ஒன்றும் இல்லை. திருகுகிற குமிழைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் படங்கள். ஒரு படத்தில் தொட்டிக்குள் ஒரு கை. கையால் தோய்க்க வேண்டியதை எனக்குள் போடாதே என்று மெஷினே சொல்கிறதாக்கும் என மாக்கிறட் விளங்கிக்கொண்டாள். அடுத்த படத்தில் ஒரு புள்ளி, அதற்கடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று. அழுக்கு நன்றாகப் போகட்டும் என்று மூன்று புள்ளிக்குத் திருகிவிட்டாள். மேடத்தின் கம்பளிச் சால்வை கொதிதண்ணீரில் வெந்து, பொம்மைக்குப் போர்த்துகிற அளவில் வெளியே வந்தது. கைப் படம்தான் கம்பளிக்கு என்பதும், புள்ளி கூடக்கூடச் சூடும் கூடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. “முக் மாஃபி!” என்று மேடம் கத்தினாள். மூளை இல்லையாம். அதை விளங்கப்படுத்துவதற்காகத் தலையிலும் தட்டிக் காட்டினாள். தன் தலையில் அல்ல, மாக்கிறட்டின் தலையில்.

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மாக்கிறட் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவளுடைய வாய் அப்படி. எட்டு வயதில் வள்ளத்தில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கிவிட்ட நாளிலிருந்து, அகதி முகாமில் தண்ணீர்க் குழாயடியில் நின்று வளர்ந்த வாய் அது. ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவள் நம்பிவிட்டாள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் பட்டன் உள்ள எதன் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். மன்னார் பட்டினத்தில் வங்கி மெஷினில் காசு எடுக்கப் போனால், காவலுக்கு நிற்கிற ஐயாவைக் கூப்பிட்டு, “நீங்களே அமத்துங்கோ, எனக்கு மூளை காணாது” என்பாள்.

போர் முடிந்து எட்டு வருசம். மாக்கிறட்டும் கணவன் அமல்ராஜும் மகள் ஜெனிஸ்ராவும் தாழ்வுபாட்டுப் பாதையில் ஒரு மீள்குடியேற்ற வீட்டுத்திட்டத்தில் இருந்தார்கள். அமல்ராஜ் கடலுக்குப் போகிறவன். கடல் ஒரு நாள் அள்ளித் தரும், நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் ஜெனிஸ்ராவுக்கு நாலு வயதாக இருந்தபோது மாக்கிறட் குவைத்துக்குப் போனாள். பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்த வருசம்தான் திரும்பினாள். விமான நிலையத்தில் அந்தப் பிள்ளை தாயைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு லூர்தம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. கருவாடு விற்கிற லூர்தம்மாதான் அந்த வருசமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டவள். மாக்கிறட் அதை யாரிடமும் சொல்லி அழவில்லை. ஆனால் இனிமேல் செத்தாலும் போவதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் பண்ணினாள். இப்போது ஏஜென்சிக்காரன் மறுபடியும் போன் எடுக்கத் தொடங்கியிருந்தான். நல்ல வீடு, நல்ல மேடம், விசா கைவசம். இந்தமுறை அமல்ராஜ் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் உப்புக்குளத்தில் ஒரு மண்டபத்தில் புது வகுப்பு ஒன்று தொடங்கியது. போர் முடிந்த நாள் தொடக்கம் மன்னார்ப் பெண்களுக்குத் தையலும் கேக் ஐசிங்கும் படிப்பிக்காத நிறுவனம் கிடையாது. கேக் சாப்பிடுகிற ஆட்களைவிட ஐசிங் போடுகிற ஆட்கள் கூடிப்போய்விட்டார்கள். ஆகவே மாக்கிறட் வகுப்புக்குப் போகிறாள் என்றதும் லூர்தம்மா, “திரும்பவும் ஐசிங்கோ?” என்றாள்.

“இல்லை அக்கா. பாவனையாளர் அனுபவ வடிவமைப்பு.”

“ஐயோ மாதாவே. அதென்ன வருத்தம்? மருந்திருக்கோ?”

“போனில வாற படங்கள், பட்டன்கள் எல்லாம் சனத்துக்கு லேசா விளங்கிற மாதிரிச் செய்யிற வேலை. கொழும்புக் கொம்பனி ஒண்டு வகுப்பில ரெண்டு பேரை எடுக்குமாம். மன்னாரிலயே இருந்து செய்யலாமாம்.”

லூர்தம்மாவுக்கு முதல் பாதி விளங்கவில்லை. ‘மன்னாரிலயே இருந்து’ என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

வகுப்பெடுத்தவள் சரீபா. மாக்கிறட்டைவிடப் பத்து வயது இளையவள். குடும்பம் மன்னார்த் தாராபுரம், இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். மெல்லிய குரல், ஆனால் பிடித்த பிடி விடாத பிள்ளை. முதல் நாளே அவள் ஒரு தேத்தண்ணிக் கேத்தலைக் காட்டினாள். அதன் பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் இருந்தன. ஊற்றினால் கை வேகும்.

“இதால ஒராள் கையைச் சுட்டுக்கிட்டா, பிழை ஆரில?” என்று கேட்டாள் சரீபா.

“கவனமில்லாமப் பிடிச்ச ஆளில” என்றார்கள் எல்லாரும்.

“இல்ல. முதல்ல பொருளைப் பாருங்க. பத்துப் பேர் ஒரே இடத்தில பிழை விட்டா, அந்தப் பத்துப் பேரும் மடையர் இல்ல. செஞ்சவன்தான் யோசிக்கல்ல.”

மாக்கிறட் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். “ரீச்சர், திரும்பச் சொல்லுங்கோ.”

சரீபா திரும்பச் சொன்னாள்.

“அப்ப அந்த மெஷினில கையைக் கீறி வைச்சவன் ஆர்? அவன்ர அட்ரஸ் இருக்கோ உங்களிட்ட?” என்று மாக்கிறட் கேட்டாள். பிறகு மெஷின், புள்ளி, சால்வை, மேடம் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வகுப்பு சிரியோ சிரி என்று சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருசம் ஒரு குமிழுக்காகத் தன்னையே மொக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாளே!

அதற்குப் பிறகு ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாக்கிறட்டின் கண்ணில் பட்டதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. வங்கி வாசல் கதவில் இழுக்கிற கைபிடியைப் பூட்டிவிட்டு, தள்ளு என்று எழுதியிருந்தார்கள். அவள் மானேஜரைக் கூப்பிட்டு, “கைபிடி இழு எண்டுது, எழுத்து தள்ளு எண்டுது, உங்களுக்குள்ள முதல்ல ஒரு முடிவுக்கு வாங்கோ” என்றாள். காவல் ஐயா சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவள், பங்குச் சுவாமி இருந்து பாவம் கேட்கிற மரத் தொட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரு முழுப் பாவத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே சுவாமி இல்லை என்று கண்டாள். சுவாமியைத் தேடிப் பிடித்து, “நீங்கள் உள்ளுக்க இருக்கிறீங்களோ இல்லையோ எண்டு வெளியில இருக்கிற பாவிக்கு எப்படித் தெரியும்? ஒரு லைட்டாவது போடுங்கோ சுவாமி” என்று சொன்னாள். சுவாமி அந்தப் பாவத்தை மறுபடி சொல்லச் சொன்னார். ஒருக்காச் சொன்னது சொன்னதுதான், பிழை தொட்டியில்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு தொட்டிக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப் எரிந்தது. சுவாமிக்கு அதில் கொஞ்சம் வெட்கம்தான்.

வகுப்பு முடிவில் ஆளுக்கொரு செயலி செய்ய வேண்டும். அதைக் கொம்பனி ஐயா வந்து, உண்மையான பாவனையாளர்கள் தொட்டுப் பார்க்கிறதைத் தன் கண்ணால் பார்ப்பார். இரண்டு பேரை எடுப்பதும் அதை வைத்துத்தான். மாக்கிறட் மீன் விற்கிற பெண்களுக்கு ஒன்று செய்தாள். படகு கரைக்கு வரும்போது போனிலேயே ஒரு பட்டனை அமத்தினால் மீன் வாகனம் வரும், இன்னொன்றை அமத்தினால் ஐஸ் வரும். முதலில் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கீறினாள். மேலே வலப்பக்க மூலையில் நீல நிறத்தில் வாகனப் பட்டன்.

கீறியதைக் கொண்டுபோய் முதலில் லூர்தம்மாவுக்கு முன்னால் வைத்தாள். “சொல்லிக் குடுக்கக் கூடாது, ஆக்கள் தடுமாறினாலும் வாயை மூடிக்கிட்டு இருங்க” என்று சரீபா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருப்பது மாக்கிறட்டுக்குப் பிரசவ வலி மாதிரி. லூர்தம்மா தாளைத் திருப்பினாள், கவிழ்த்தாள், மீன் படத்தைத் தடவிப் பார்த்தாள், கடைசியில் கலண்டரின் மறுபக்கத்தில் இருந்த அந்தோனியாரை அமத்தினாள். அடுத்து வந்த மேரிசெல்வியும் அப்படித்தான். வலை பொத்துகிற அருளப்பன், “இதை அமத்தினா வெடிக்காதே?” என்று கேட்டுவிட்டுத் தொடவே இல்லை.

மாக்கிறட்டுக்குப் பொறுக்கவில்லை. தாள்களை லூர்தம்மாவின் கருவாட்டுப் பலகையில் விசிறி எறிந்தாள். “இது பிழைச்சுதெண்டால் நான் குவைத்துக்குத்தான் போகவேணும். ஏஜென்சிக்காரன் டிக்கெற் போட நிக்கிறான். ஜெனிஸ்ராவைத் திரும்பவும் நீங்களே வைச்சிருங்கோ!” என்று கத்திவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கத்தல்தான் எல்லாவற்றுக்கும் வினையானது.

இரண்டு கிழமையில் பெரிய புதுமை நடந்தது. மாக்கிறட் மறுபடி கீறிய தாளை விரித்தால் போதும், எல்லாரும் டக்கென்று சரியான பட்டனை அமத்தினார்கள். லூர்தம்மா ஒரே தட்டில் வாகனத்தைக் கூப்பிட்டாள். மேரிசெல்வி ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் ஐசை வரவழைத்தாள். எப்படி இருக்கு என்று கேட்டால், “நல்லாயிருக்கு, நல்ல லேசு” என்று ஒரே சுருதியில் பதில் வந்தது. மாக்கிறட் பூரித்துப்போனாள். தான் கீறியது அவ்வளவு தெளிவு என்று நினைத்தாள். மனிசர் தங்களைப் பற்றி நல்லதாக நினைக்க விரும்பினால் எதைத்தான் நினைக்க மாட்டார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வந்து கேள்வி கேட்கிற ஆட்களுக்குப் பதில் சொல்வதில் இந்தச் சனத்துக்கு இருக்கிற பயிற்சி உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது. முகாமில் அதிகாரி வருவார். திரும்பி வந்தால் கந்தோர்க்காரர் வருவார், வெள்ளைக்காரர் வருவார், படம் எடுக்கிறவர் வருவார். சந்தோசமோ என்று கேட்பார்கள். சந்தோசம் என்று சொல்லவேண்டும். தண்ணீர் வருகிறதோ என்றால், குழாய் காறித் துப்பினாலும், வருகிறது ஐயா என்று சொல்லவேண்டும். குறை சொன்ன ஊருக்கு அடுத்த திட்டம் வராது, பக்கத்து ஊருக்குப் போய்விடும். இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

சோதனை நாள் காலையில் சரீபா மாக்கிறட்டின் வேலையை டப் என்கிற பெரிய திரைப் போனில் போட்டுப் பார்த்தாள். “அக்கா, ஒரு கையால போன் பிடிக்கிற ஆளுக்கு மேல் மூலை எட்டாதே. வாகனப் பட்டனைக் கீழ கொண்டுவந்தா என்ன?” சரிதானே என்று மாக்கிறட் பட்டனைக் கீழே கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்துக்கு மாற்றினாள். பெரிதாக, பச்சை நிறத்தில், வாகனத்தின் படத்தோடு. குருடனுக்கும் தெரியும்.

பொதுநோக்கு மண்டபத்தில் வீட்டுத்திட்டமே கூடியிருந்தது. எல்லாரும் பூசைக்குப் போகிற உடுப்பில். கொம்பனி ஐயா கொழும்புத் தமிழர், சப்பாத்துக்குள் மணல் போன எரிச்சல் முகத்தில் இருந்தது. முதலில் லூர்தம்மா வந்து கதிரையில் இருந்தாள். ஐயா டப்பை நீட்டி, “அம்மா, படகு வருகிறது, வாகனத்தைக் கூப்பிடுங்கள்” என்றார்.

லூர்தம்மா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு மேலே வலப்பக்க மூலையை அமத்தினாள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

“வந்திட்டுது” என்றாள்.

“என்ன வந்திட்டுது?”

“வாகனம். நல்லாயிருக்கு ஐயா, நல்ல லேசு.”

ஐயா டப்பைப் பார்த்தார், லூர்தம்மாவைப் பார்த்தார். அடுத்ததாக மேரிசெல்வி. அதே மூலை, அதே வெள்ளை, அதே நல்ல லேசு. அருளப்பன் வந்தபோது டப் தூங்கி, திரை கறுத்துப் போயிருந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கறுத்த மூலையைப் பயபக்தியோடு தொட்டு, “வாகனமும் வந்திட்டுது, ஐசும் வந்திட்டுது” என்றார். ஐஸ் வரவேண்டும் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

சரீபா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அந்த மூலை பழைய தாளில் பட்டன் இருந்த இடம் என்று கண்டதும் மாக்கிறட்டுக்கு எல்லாம் வெளித்தது. தான் எறிந்துவிட்டு வந்த கலண்டர்த் தாளைக் கருவாட்டுப் பலகையில் ஒட்டி வைத்து, தான் வகுப்பில் இருந்த பின்னேரங்களில் லூர்தம்மா ஊருக்கே வகுப்பு எடுத்திருக்கிறாள்! அவளுக்கு முதலில் வந்தது கோபம். உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினாள். “ஐயா, இது சோதினை இல்லை, நாடகம். இவையள் எல்லாரும் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கினம். என்ர செயலி ஒருத்தருக்கும் விளங்கேல்லை. எனக்கு வேலை தராட்டியும் பரவாயில்லை, இந்தப் பொய்க்குத் தரவேண்டாம்.”

லூர்தம்மாவின் வாய் கோணியது.

“நீ போகக்கூடாதெண்டுதான் பிள்ளை” என்றாள். முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

மாக்கிறட் போய் அவளுக்கு முன்னால் தரையில் குந்தினாள். “தெரியும் அக்கா. இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. இதில என்ன குறை?”

“சொன்னா உனக்கு வேலை இல்லாமப் போகுமே.”

“அது போயிட்டுது. சொல்லுங்கோ.”

லூர்தம்மா ஐயாவை ஒருதரம் பார்த்தாள், கூட்டத்தை ஒருதரம் பார்த்தாள். “அடி விசரி, மீன் வெட்டின கையோட இதைத் தொட ஏலுமோ? செதிலும் இரத்தமும் ஈரமும். விரலை வைச்சா அது அசையாது. நீயும்தானே தினம் மீன் வெட்டுறாய், உனக்குத் தெரியாதே? நாங்கள் மூக்கால அமத்திறதோ?” கூட்டம் வெடித்துச் சிரித்தது. லூர்தம்மாவுக்குத் துணிவு வந்தது. “வாகனத்துக்கு நாங்கள் ஒரு மிஸ்கோல் குடுப்பம். ரெண்டு குடுத்தா ஐஸ். பழைய பட்டன் போனைப் பையுக்குள்ள சுத்திக் கட்டி வைச்சுக்கொண்டு, பைக்கு மேலாலயே அமத்துவம். இத்தனை வருசமா அப்படித்தான் நடக்குது.”

மாக்கிறட் தன் கையை விரித்துப் பார்த்தாள். காலையில் வெட்டிய பாரைமீனின் செதில் இன்னும் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு கலண்டரில் நீலப் பட்டன் கீறியவள் தான்தானே என்று நினைக்கச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

குறை சொல்லலாம் என்று ஊருக்குத் தெரிந்ததும் அணை உடைத்துக்கொண்டது. மேரிசெல்வி, மீன் படம் பாம்பு மாதிரி இருக்கு என்றாள். பிறகு செயலியை விட்டுவிட்டு வீட்டுத்திட்டத்தைப் பிடித்தார்கள். குசினி ஜன்னலைக் காற்றடிக்கிற பக்கம் வைத்ததால் புகை முழுக்க அறைக்குள் வருகிறது. கக்கூஸ் கதவைத் திறந்தால் பாதையில் போகிறவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. இதெல்லாம் தன் வேலை இல்லை என்று ஐயா சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அவரை விடவில்லை. ஒருவழியாக வாகனத்தில் ஏறும்போது அவர், “செயலி சரிவராது” என்று மட்டும் சரீபாவிடம் சொன்னார். சரீபா மாக்கிறட்டின் கையைப் பிடித்து, “செயலிதான் சரிவராதாம் அக்கா. உங்களைப் பத்தி அவர் இன்னும் ஒண்டும் சொல்லல்ல” என்றாள். மாக்கிறட்டுக்கு அது ஆறுதல் வார்த்தையாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். புகை வழக்கம்போல அறைக்குள் போனது. ஜெனிஸ்ரா கதிரையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. மாக்கிறட்டின் மனதில் மத்தியானம் முழுக்க ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. “நல்லாயிருக்கு, நல்ல லேசு” என்கிற அந்தச் சுருதி. அதை அவள் முன்பும் எங்கேயோ கேட்டிருக்கிறாள்.

“ஜெனிஸ்ரா, நான் குவைத்தில இருக்கேக்க, வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் நீ என்ன சொல்லுவாய்?”

“நான் நல்லாயிருக்கிறன், நல்லாச் சாப்பிடுறன், நீங்கள் அழாதேங்கோ” என்றாள் பிள்ளை, தலையை நிமிர்த்தாமலே.

“ஒவ்வொரு வெள்ளியும் அதேதான்.”

“ஓம். லூர்தம்மாப் பெரியம்மா சொல்லித் தந்தவ. பிழையாச் சொன்னால் திரும்பச் சொல்ல வைப்பா.”

மாக்கிறட் அகப்பையை வைத்தாள். அந்த மூன்று வசனத்தையும் கேட்டுவிட்டு அவள் குவைத்துக் குசினியில் நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். தானும் இந்தப் பக்கத்துக்கு, மேடம் நல்லவ, நல்ல சாப்பாடு என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

“உண்மையா எப்படி இருந்தனீ?” என்று கேட்டாள்.

பிள்ளை பென்சிலைக் கடித்தது. சரீபா சொல்லித் தந்தபடி மாக்கிறட் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“உங்கட பழைய சட்டையைப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறனான்” என்றாள் ஜெனிஸ்ரா. “அதில உங்கட மணம் இருந்தது. ஒருநாள் பெரியம்மா, ஊத்தையாப் போச்செண்டு அதைத் தோய்ச்சுப் போட்டா. அண்டைக்குத்தான் கனக்க அழுதனான். வெள்ளிக்கிழமை நீங்கள் எடுத்தனீங்கள். நல்லாயிருக்கிறன் எண்டு சொன்னனான்.”

மாக்கிறட் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை, கால் இரண்டும் தரையில் தட்டியது. இரண்டு பேரும் புகைக்குள் இருந்து அழுதார்கள். வாசலில் வந்து நின்ற அமல்ராஜ் ஒன்றும் விளங்காமல், அடுப்பை அணைக்கட்டோ என்று கேட்டான்.

அப்போது போன் அடித்தது. ஏஜென்சிக்காரன். அவளுக்குக் கொம்பனியில் வேலை கிடைத்தது மூன்று கிழமை கழித்துத்தான். செயலி செய்கிற வேலையல்ல, வீடு வீடாகப் போய்ச் சனம் உண்மை சொல்லும் வரைக்கும் பக்கத்தில் இருக்கிற வேலை. ஆனால் அந்த நேரத்தில் அவள் கையில் ஒன்றும் இல்லை. மடியில் பிள்ளை மட்டும்தான்.

“அக்கா, டிக்கெற் போடப்போறன். போறதுக்குச் சந்தோசம்தானே?” என்று கேட்டான் அவன்.

“இல்லை” என்றாள் மாக்கிறட்.

அவனுக்கு இந்தப் பதில் பழக்கமில்லை. “ஏனக்கா? நல்ல வீடு. நல்ல மேடம். போனமுறை நல்லாயிருக்கெண்டுதானே சொன்னனீங்கள்? என்ன குறை?”

“குறையைக் கேட்டீங்களோ?” என்றாள் மாக்கிறட். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வசதியாக ஏற்றி வைத்தாள். “போனை வையாதேங்கோ, சொல்லுறன். முதல்ல அந்தத் துணி தோய்க்கிற மெஷின்.”